கொழுக்கட்டைப் புல்லில் ஒரு கோடு அதிகம்

மதுரைக்குள் பஸ் நுழையும்போது மறுபடியும் குனிந்து காலடியைப் பார்த்தேன். காலடியில் ஒரு தெர்மக்கோல் பெட்டி. அதற்குள் உடைத்த ஐஸ், ஐஸுக்குள் சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறைகள், உறைகளுக்குள் தாராபுரத்தில் எங்கள் காட்டில் விடிகாலையில் கிள்ளிய புல். ஐஸ் உருகுவதற்குள் அந்தப் புல் மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தின் ஃபிரிட்ஜுக்குள் போயாக வேண்டும். பஸ் நின்ற இடத்திலெல்லாம் மூடியைத் திறந்து பார்த்தேன். திறக்கத் திறக்கத்தான் ஐஸ் சீக்கிரம் உருகும் என்பது எனக்குத் தெரியும். நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். ஆனாலும் திறந்தேன்.

எதிர் இருக்கையில் ஒரு அம்மாவும் மகளும் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டே வந்தார்கள். ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் பேச்சு என் பெட்டியைப் பற்றியது என்பது மட்டும் பார்வையில் தெரிந்தது. இறங்குவதற்கு முன் மகள் தமிழில் சொன்னாள்: “மீனு இம்புட்டுத் தூரம் கொண்டாந்தா கெட்டுப் போகாதான்னு அம்மா கேக்குறாங்க.” மீன் இல்லை, புல் என்றேன். அவள் அதைச் சொன்னதும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். “பாவம்ங்கிறாங்க.”

அப்படிப் பாவப்பட்டுத்தான் அந்த ஐப்பசியில் நான் மதுரையில் இறங்கினேன்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் கொறங்காடு என்று சொல்வோம். சுற்றிலும் முள்வேலி வைத்து, வெள்வேல மரங்களுக்கு நடுவே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, மாட்டை அவிழ்த்துவிடும் மேய்ச்சல் காடு. எங்கள் வீட்டு மாடுகளுக்குப் பாதி வருஷம் அதுதான் சாப்பாடு. இரண்டு மழைக்காலமாக அந்தப் புல் திட்டுத் திட்டாகக் கருகிக்கொண்டிருந்தது. இலையில் முதலில் சாம்பல் புள்ளி, பிறகு வெளுப்பு, பிறகு மொத்தத் தூரும் சருகு. பக்கத்துக் காட்டிலும் அதே கதை.

நான் பகுதிநேரமாக ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். தலைப்பு, தீவனப் புற்களில் உள்ள வேறுபாடுகளை அவற்றின் நொதிகளை வைத்துக் கண்டறிவது. கேட்கப் பெரிதாக இருக்கும், செய்வது எளிது. இளம் இலையைக் குளிரில் அரைத்து, சாற்றை ஒரு மெல்லிய ஜெல் பலகையின் குழிகளில் விட்டு, மின்சாரம் பாய்ச்ச வேண்டும். இலையில் இருக்கும் நொதிகள் அதனதன் உருவத்துக்கும் மின்னேற்றத்துக்கும் ஏற்ப முன்னும் பின்னுமாக ஓடி நிற்கும். அப்புறம் சாயத்தில் ஊறவைத்தால் அவை நின்ற இடங்களில் பழுப்புக் கோடுகள் எழும். ஒரே வார்ப்பில் வந்த செடிகளுக்குக் கோடுகள் ஒரே மாதிரி விழும். மரபு மாறினால் கோடும் மாறக்கூடும். மரபணுவையே படிக்கிற பெரிய முறைகள் இப்போது வந்துவிட்டன. அதற்கான கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. இது இருந்தது.

எங்கள் காட்டுப் புல், பக்கத்துக் காட்டுப் புல், காங்கேயம் வரை போய்க் கொண்டுவந்த புல், எல்லாவற்றையும் ஓடவிட்டேன். எல்லாவற்றிலும் ஐந்து கோடு, ஒரே இடத்தில். கொழுக்கட்டைப் புல்லின் குணம் அது. பெரும்பாலும் ஆணும் பெண்ணும் கலக்காமலே விதை வைத்துவிடும். தாய் எப்படியோ விதையும் அப்படியே. எங்கள் வட்டாரம் முழுக்க ஒரே ஒரு புல்தான் லட்சக்கணக்கில் நின்றுகொண்டிருக்கிறது என்று அந்தக் கோடுகளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. நோய்க்கு ஒன்று பிடித்துவிட்டால் எல்லாமும் பிடித்த மாதிரி.

என் வழிகாட்டிப் பேராசிரியர் மதுரைச் சமவெளிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார். மண் வேறு, மழை வேறு, புல்லும் வேறாக இருக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் ஆய்வில் எழுத ஒன்றும் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் ஓய்வு பெற அதிக நாள் இல்லை.

மதுரையில் என் ஒரே பிடிமானம் ஜெசிந்தா. ஒரு பயிற்சி முகாமில் பழக்கமானவள். மிஷன் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் பிரிவில் இருக்கிறாள். என்னைவிட இளையவள், என்னைவிடப் பத்து மடங்கு நிதானம். பஸ் நிலையத்துக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, உறைகளை ஆய்வக ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, என்னை இட்லிக் கடைக்கு அழைத்துப் போனாள். இலையில் இட்லி வருவதற்கு முன்பே சட்னிகள் வந்து வட்டமாக உட்கார்ந்தன. எங்கள் ஊரில் ஒரு சட்னியும் சாம்பாரும் வந்தாலே விருந்து. நான் எதைத் தொட்டுக்கொள்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது அவள் சாதாரணமாகச் சொன்னாள், மறுநாள் மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது என்று.

பிட்ட இட்லியை இலையிலேயே வைத்தேன். ஃபிரிட்ஜ்?

ஐஸ் போட்டு வைக்கலாம், கதவைத் திறக்காமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, முக்கியமாக நீங்கள் திறக்காமல் இருக்க வேண்டும் என்றாள். பஸ்ஸில் நான் செய்ததை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை.

மறுநாள் திருமங்கலம் பக்கம் போனேன். கரிசல் காடு. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் மண் செருப்போடு சேர்ந்து வந்தது. ஒவ்வொரு அடிக்கும் கால் ஒரு சுற்று பெரிதானது. எங்கள் ஊர்ச் சரளை மண்ணில் எவ்வளவு மழை பெய்தாலும் அடுத்த மணி நேரத்தில் வேட்டி கட்டி நடக்கலாம். இங்கே கடைசியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் வழுக்கி வழுக்கி நடந்து, புல்லைக் கிள்ளிப் பெட்டியில் வைத்தேன். திரும்பி வரும்போது கண்டக்டர் பெட்டியை மோந்து பார்த்தார். மீன் கடையில் வாங்கிய ஐஸ், வாசனை இருந்தது. மீனை ஏற்ற மாட்டேன் என்றார். புல்லைத் திறந்து காட்டியும் நம்பவில்லை. புல்லுக்கு எதற்கு ஐஸ் என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். முழுதாகப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்த பஸ் போய்விட்டது.

இனி பஸ் வேண்டாம் என்று ஜெசிந்தாதான் பஷீர் பாயை ஏற்பாடு செய்தாள். பழைய ஊருக்குள் வீடு, சொந்த ஆட்டோ, ஐம்பதைத் தொடும் வயது. காலையில் வந்து நின்றதும் பெட்டியைத் தன் இருக்கைக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார். என் பதற்றத்தைப் பார்த்து, சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது போல ஓட்டினார்.

முதலில் வண்டியூர்ப் பக்கம். தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. சுற்றுச் சுவரில் காலை நடைக்காரர்கள் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். அதைத் தாண்டிக் காலிமனை ஒன்றில் புல் கிடைத்தது. வழியில் பாய் ஒரு தள்ளுவண்டியில் நிறுத்திப் பருத்திப்பால் வாங்கித் தந்தார். பருத்திக்கொட்டையைப் பாலாக்கிக் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தருகிறார்கள். எங்கள் ஊரில் பருத்திக்கொட்டை மாட்டுக்கு. குடித்ததும் எங்கள் மாடுகள் மேல் பொறாமையாக இருந்தது. நான் சிரித்தது அந்தப் பயணத்தில் அப்போதுதான் முதல் தடவை.

பிறகு திருவாதவூர். ஊருக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு கண்மாய்க் கரையை ஒட்டி மேடாகக் கிடந்த ஒரு துண்டு நிலத்தில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நிலத்துக்காரி முத்துலட்சுமி அங்கேயே ஒரு பூவரச மரத்தடியில் நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பேச்சும் நடையும் வேகம். புல் கிள்ளிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கிள்ளுவதற்கு எல்லாமா அனுமதி கேட்பார்கள் என்று சிரித்தாள். என் பேச்சில் இருந்த ‘ங்க’வை வைத்து எந்த ஊர் என்று விசாரித்தாள். அவளுடைய அண்ணன் திருப்பூரில் இருக்கிறானாம், அவனும் இப்போது அப்படித்தான் பேசுகிறானாம். நான் ஒவ்வொரு தூரிலும் தனித்தனியாகக் கிள்ளி, உறையில் எண் போட்டு, அடையாளத்துக்குத் தூரில் சிவப்புக் கம்பளி நூல் கட்டினேன். அவள் ஆட்டை விரட்டிக்கொண்டே, நூலை ஆடு தின்றுவிடும் என்றாள்.

திரும்பும் வழியில் ஆட்டோவின் கிளட்ச் கம்பி அறுந்தது. நல்ல வெயில். பாய் கம்பி வாங்கிவர இன்னொருவர் வண்டியில் தொற்றிக்கொண்டு போனார். நான் ஆட்டோவின் நிழலில் பெட்டியோடு உட்கார்ந்தேன். முன்னால் நெல் வயல், பின்னால் ரோடு, எந்தக் கடையும் கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டது. என் புடவை முந்தானையை நனைத்துப் பெட்டியைச் சுற்றினேன். வீட்டிலிருந்து கணவர் அழைத்தார். மாடு ஒன்று சரியாகத் தின்னவில்லை என்றார். கிழக்குப் பக்கமும் புல் கருக ஆரம்பித்துவிட்டது என்றார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டபோது நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அழுதேன்.

ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் உறைகள் மிதந்தன. ஜெசிந்தா ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்து வைத்தாள்.

அடுத்த நாள் முழுக்க ஜெல். குளிர்ந்த கல்வத்தில் இலையை அரைத்தோம், சாற்றைச் சுழலவிட்டுத் தெளிய வைத்தோம். குழியில் விடும்போது ஒரு சொட்டை வெளியே சிந்திவிட்டேன். ஜெசிந்தா என்னை நகர்த்திவிட்டுத் தானே விட்டாள். மின்சாரம் ஓடி முடிவதற்குள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனோம். கறி தோசை. தடித்த தோசையின் மேல் முட்டையும் கொத்திய ஆட்டுக்கறியும் மிளகும் படிந்திருந்தன. வேறொரு நாளாக இருந்தால் இரண்டு தின்றிருப்பேன். அன்று பாதியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தேன்.

சாயத் தட்டில் ஜெல்லை நழுவவிட்டு மூடி வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தோம். கோடுகள் எழுந்துகொண்டிருந்தன. தாராபுரம், ஐந்து. திருமங்கலம், ஐந்து. வண்டியூர், ஐந்து. அதே இடம், அதே அழுத்தம். இத்தனை தூரம் வந்தது எங்கள் காட்டுப் புல்லையே பார்க்கத்தானா?

“அக்கா, இங்கிட்டுப் பாருங்க” என்றாள் ஜெசிந்தா.

திருவாதவூர் வரிசைகளில் பெரும்பாலானவற்றில் ஐந்துதான். இரண்டு வரிசையில் மட்டும், மூன்றாவது கோட்டுக்கும் நான்காவதுக்கும் நடுவே மெல்லிசாக இன்னொரு கோடு. தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். இருந்தது.

என் சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. இலை சூடாகி அழுக ஆரம்பித்தாலும் நொதி சிதைந்து புதுக்கோடு போல ஒன்று விழலாம். வண்டியூர்ப் புல்லும் அதே பெட்டியில்தானே சூடானது, அதில் இல்லையே என்றேன். வண்டியூர் உறைகள் பெட்டியில் அடியில் இருந்ததா மேலே இருந்ததா என்று ஜெசிந்தா கேட்டாள். எனக்கு நினைவில்லை. அவள் என்னை மடக்கக் கேட்கவில்லை. பின்னால் என்னிடம் கேட்கப் போகிறவர்கள் கேட்பதைத்தான் கேட்டாள். அதே தூர்களிலிருந்து புது இலை வேண்டும், அல்லது தூரையே வேரோடு கொண்டுவர வேண்டும். வேறு வழியில்லை.

விடிந்ததும் பாயை வரச்சொல்லி, ஜெசிந்தாவும் விடுப்பு போட்டு, மூன்று பேருமாகத் திருவாதவூருக்குப் போனோம்.

தூரத்திலேயே மஞ்சளாகத் தெரிந்தது. ஜேசிபி. நான் நின்று புல் கிள்ளிய மேடு அங்கே இல்லை. நிலம் வழித்துவிட்ட தட்டு போல இருந்தது. வழித்த மண் ஓரத்தில் ஒரு பெரிய குவியலாகக் கிடந்தது. புல்லும் வேரும் கல்லும் அதில் தலைகீழாக நீட்டிக்கொண்டிருந்தன. ஆட்டோ நிற்பதற்கு முன்பே நான் குதித்துவிட்டேன்.

முத்துலட்சுமி குவியலுக்கு முன்னால் வந்து நின்றாள். முந்தைய தடவை பார்த்த சிரிப்பு முகத்தில் இல்லை.

“அன்னைக்கு வந்து புல்லக் கிள்ளிட்டுப் போனீங்க. இன்னைக்கு ஆளுகளோட வாரீங்க. நாளைக்கு யாரக் கூட்டிக்கிட்டு வருவீங்க?”

நான் நடந்ததைச் சொல்லப் பார்த்தேன். கோடு, நொதி, எங்கள் காடு, எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தது. இந்தப் புல் வேறு எங்கும் கிடைக்காததாக இருக்கலாம் என்று சொன்னது பெரிய தப்பாகிவிட்டது.

“அதத்தேன் நான் பயந்தேன்” என்றாள். அண்ணன் பங்கைப் பிரித்துக் கொடு என்று வருஷக்கணக்காக நச்சரிக்கிறான். இப்போதுதான் மனை போட ஓர் ஆள் அமைந்திருக்கிறார். முன்பணம் வாங்கியாயிற்று, பத்திரம் இன்னும் பதியவில்லை. இந்த நேரத்தில் அபூர்வமான புல் என்று எவராவது பேப்பரில் எழுதி, அதைப் பார்த்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினால் வாங்குகிறவர் ஓடிவிடுவார். ஊரில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவருக்கு, பழைய கல் ஒன்று நிலத்தில் கிடந்ததற்காக அப்படி ஆகியிருக்கிறது. அவளுக்கு ஒரு கான்கிரீட் வீடு வேண்டும். மழைக்கு ஒழுகாத வீடு. அதில் அவளுக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

அவளுடைய பயம் எனக்குப் புரிந்தது. என் பயத்தைப் போலவே இருந்தது. ஆனால் அதற்குள் டிப்பர் லாரி ஒன்று ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியது. குவியலை அள்ளிக்கொண்டு போய் எங்கேயோ பள்ளத்தில் கொட்டப் போகிறார்கள்.

பஷீர் பாய் அவளிடம் போய்த் தணிந்த குரலில் பேசினார். “தங்கச்சி, நானும் பூர்வீக வீட்ட வித்தவன்தேன். ஒரு கையெழுத்து பாக்கி இருக்கப்ப வயித்துல புளியக் கரைக்கும். இந்த டீச்சரு அந்த மாதிரி ஆளு இல்ல. பாருங்க, உங்கள விட அவங்கதேன் நடுங்கிக்கிட்டு நிக்கிறாங்க.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“எடத்துப் பேரு, சர்வே நம்பரு, எங்க பேரு, எதுவும் எங்கயும் வரக்கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. சம்மதமா?”

அது எவ்வளவு பெரிய விலை என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை. எந்த இடத்தில் எடுத்தது என்று சொல்ல முடியாத செடி ஆராய்ச்சியில் அநாதை. என் பேராசிரியர் என்ன சொல்வார் என்று காதில் கேட்டது. ஜெசிந்தா என் கையைத் தொட்டாள். சம்மதிக்கச் சொல்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று தெரியவில்லை.

“எழுத மாட்டேனுங்க அக்கா” என்றேன்.

முத்துலட்சுமி லாரிக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தி, டீ குடித்துவிட்டு வரும்படி கத்தினாள். அப்புறம் தன் மண்வெட்டியை எடுத்துவந்து குவியலில் இறங்கினாள்.

நான்கு பேரும் தோண்டினோம். எல்லாம் புல்தான், ஆனால் பெரும்பாலும் நசுங்கிய புல். வேர் அறுந்தது, தூர் பிளந்தது, வேறு புல், நெருஞ்சி, கோரை. ஓர் இடத்தில் சிவப்பு நூல் தெரிந்தது. பாய்ந்து இழுத்தேன். நூல் மட்டும் வந்தது, முனையில் கொஞ்சம் சேறு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் ரவிக்கையில் செருகிக்கொண்டேன். ஜெசிந்தா நகக்கண்ணெல்லாம் செம்மண்ணாக, நான் அதுவரை கேட்டிராத வசவுகளை ஜேசிபியைப் பார்த்து முணுமுணுத்தாள். லாரி திரும்பி வருவதற்குள் உயிர் இருப்பதாகத் தோன்றிய கொழுக்கட்டைத் தூர்கள் மூன்று கிடைத்தன. மூன்றும் அந்த நிலத்தினுடையதுதான். ஆறாவது கோடு உள்ள தூர் அவற்றில் ஒன்றா என்பது யாருக்கும் தெரியாது.

கிளம்பும்போது முத்துலட்சுமி என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். ஏதாவது பிரச்சினை வந்தால் என்னைப் பிடிக்க வேண்டும் அல்லவா என்றாள். பிறகு குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றி, என் கையையும் காலையும் கழுவவைத்தாள்.

தூர்களை ஜெசிந்தா வீட்டு மொட்டை மாடியில் தொட்டிகளில் நட்டோம். துளிர் வந்து, மூன்றாவது இலை விரிந்தால்தான் பழையதோடு ஒப்பிட முடியும். இலையின் வயது மாறினால் கோடும் மாறும். தீபாவளிக்கு நான் ஊருக்குப் போய்விட்டேன். வீட்டில் முறுக்கு சுட்டேன், எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினேன். எல்லாம் கைதான் செய்தது. தினமும் காலையில் ஜெசிந்தா தொட்டிகளின் படம் அனுப்புவாள். ஒரு நாள் அனுப்பவில்லை. மத்தியானம் வரை பொறுத்துவிட்டு அழைத்தேன். மாடியில் பட்டாசு வெடித்தார்கள், ஒரு தொட்டியில் இலை கருகிவிட்டது, உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றாள். தூர் பிழைத்ததா என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

எங்கள் காட்டுக்குப் போய் வேலியோரம் நின்றேன். கிழக்குப் பக்கத்தில் மாடுகள் வாய் வைக்காமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. கணவர் அருகில் வந்து, அந்தப் புல் கிடைத்தால் இங்கே நோய் நின்றுவிடுமா என்று கேட்டார். உறுதியில்லை என்று உண்மையைச் சொன்னேன். வேறு மாதிரிப் புல் என்றால் நோயைத் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். ஆனால் வேறு ஒன்று கையில் இல்லாவிட்டால் சோதித்துப் பார்க்கக்கூட வழியில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு மாடுகளை மறுபக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.

கருகிய தூரிலும் துளிர் வந்தது. மற்றவற்றுக்குப் பின்னால், மஞ்சளாக, மெதுவாக. மூன்றுக்கும் மூன்றாவது இலை விரியும் வரை காத்திருந்து மறுபடி மதுரைக்குப் போனேன். இந்தத் தடவை ஐஸ் தேவைப்படவில்லை. எங்கள் காட்டுப் புல்லையே ஒரு தொட்டியில் உயிரோடு கொண்டுபோனேன். ஜெசிந்தா மாடியில் இலையைக் கத்தரித்து ஒரு குளிர்க் குடுவையில் போட, பாய் அதைக் கல்லூரிக்கு ஓட்டிச் சேர்த்தார். போய்ச் சேர்ந்ததும் பாய் திரும்பிப் போகவில்லை. முடிவைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று ஆய்வக வாசலில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சாயத் தட்டை மூடி வைத்த பிறகு நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஜெசிந்தாதான் திறந்தாள். தட்டை மறுபடி மறுபடி சாய்த்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. இத்தனை தடவை பார்க்கிறாள் என்றால் இல்லை என்றுதான் அர்த்தம் என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன். அப்படியே ஊருக்குப் போய்ப் பேராசிரியரிடம் என்ன சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்தேன்.

“ரெண்டுல இல்லக்கா” என்றாள்.

திரும்பினேன்.

“பட்டாசுல கருகுச்சே, அதுல இருக்கு. பழைய எடத்துலயே இருக்கு.”

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில். மெல்லிசு, ஆனால் சந்தேகமில்லை. வேண்டுமென்றே அந்தத் தூரின் இலையில் கொஞ்சத்தை வெயிலில் வாடவைத்துப் பக்கத்து வரிசையில் ஓடவிட்டிருந்தோம். அதிலும் அதே கோடு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எங்கள் காட்டு இலையையும் அப்படியே வாடவைத்திருந்தோம். அதில் ஐந்துதான். சூட்டில் பிறந்த கோடு இல்லை அது. புல்லோடு பிறந்தது.

பாயை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். எது எதுவென்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று மெதுவாகச் சொல்லி, இதற்கா இந்தம்மா இத்தனை நாள் சாப்பிடாமல் அலைந்தது என்று ஜெசிந்தாவிடம் கேட்டார்.

ஒரே ஒரு தூர். ஆனால் இந்தப் புல்லின் குணத்துக்கு ஒன்று போதும். அது வைக்கிற விதை அதைப் போலவே இருக்கும். எங்கள் காட்டைப் பலவீனமாக்கிய அதே குணம் இதைக் காப்பாற்றும். தூரை இரண்டாகப் பிரித்தோம். பாதி ஜெசிந்தாவின் மாடியில், பட்டாசுக்கு எட்டாத மூலையில். பாதி என்னோடு.

மறுநாள் பஸ்ஸில் தொட்டியை இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். இப்போது கவலை வேறு. எங்கள் மண் இதற்கு ஒத்துவருமா, நோய் இதையும் தொடுமா, எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது. தொட்டியில் ஒட்டிய அடையாளச் சீட்டில் செடியின் பெயரும் எண்ணும்தான் இருந்தன. இடம் என்ற வரி காலியாக இருந்தது. பேராசிரியரிடம் போனில் சொன்னபோது அவர் இடம் இல்லாமலா என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், வாக்குக் கொடுத்துவிட்டீர்கள், என்ன செய்வது என்றார். அவருடைய ஏமாற்றம் எனக்குக் கேட்டது.

பஸ் மலைகளை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. முத்துலட்சுமி. ஏதோ பிரச்சினை என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

டெஸ்ட் என்னாச்சு என்று கேட்டாள். நல்லபடியாக முடிந்தது, உங்கள் இடத்துப் புல் ஒன்று பிழைத்துவிட்டது, வேறு எங்கும் நான் பார்க்காத வகை என்றேன். அவசர அவசரமாக, எதையும் எங்கேயும் எழுதவில்லை, படமும் எடுக்கவில்லை, நீங்கள் பயப்பட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. நான் தொட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

“எங்கயுமே எழுதலயா?”

“இல்லீங்க அக்கா.”

“பத்திரம் முந்தாநாளே பதிஞ்சிருச்சு டீச்சரு. அண்ணனும் பங்க வாங்கிட்டுப் போயிட்டான்.” அவள் குரலில் இருந்தது மனத்தாங்கல் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. “அம்புட்டுத் தூரம் சேத்துல கெடந்து தோண்டியிருக்கோம். ஒரு பேரு கூடவா போடாம கொண்டு போறீங்க? இனிமே எழுதுங்க. திருவாதவூரு, முத்துலட்சுமி நெலம்னு எழுதுங்க.”

பையில் பேனாவைத் தேடினேன். பஸ் குலுங்கியதில் எழுத்துகள் மேலும் கீழுமாகப் போயின. பக்கத்தில் இருந்தவர் தொட்டியைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கொடுத்தேன். இடம் என்ற வரியில் ஊர்ப் பெயரை எழுதி, அதற்குக் கீழே அவள் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன். போனில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.